கால்வாசிக் கோப்பை

கோப்பி போடுவது என் தொழில் என்று வெள்ளவத்தையில் யாரிடமாவது சொன்னால், முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்கள் வீட்டில் எப்படிப் போடுவது என்று எனக்கே சொல்லித் தருவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காலி வீதியில் ஒரு புத்தகக் கடையில் பதினாறு வருடம் போட்டோக்கொப்பி மெஷினோடு நின்றவள் நான். அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், இரண்டு பக்கமும் கொப்பி. இந்த வருடம் முதலாளி மகேந்திரன் அண்ணை கடையின் முன்பக்கத்தில் ஒரு கோப்பி மெஷினை வாங்கி வைத்தார். பளபளவென்று அதைக் கண்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. நான் பழகுகிறேன் என்று போய்க் கேட்டேன். பொல்கொட ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பத்து நாள் தங்கிப் படிக்கும் வகுப்புக்கு அனுப்பினார். அனுப்பும்போது ஒன்று சொன்னார்: "பாஸ் பண்ணினா மெஷின் உம்மட பொறுப்பு. இல்லாட்டி கல்கிசையில ஒருத்தர் ரெடியா நிக்கிறார், நீர் பழையபடி போட்டோக்கொப்பிதான்."

வள்ளத்தில்

மொறட்டுவை மட்டும் பஸ், அதற்குப் பிறகு வள்ளம். கலியாணம் கட்டி இருபது வருடத்தில் நான் தனியாக ஒரு இடத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. ஒரே புழுகம் எனக்கு, சந்தோசத்தில் கால் நிலத்தில் படவில்லை. வள்ளக்காரர் சிறிபாலவிடம் வாய் ஓயாமல் சிங்களத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே போனேன்.

எங்கள் வீட்டு யன்னலுக்குப் பின்னால் ரயில் ஓடும். முன்னால் பஸ் ஹோர்ன். சாதாரணமாகக் கதைப்பதென்றாலே கத்தித்தான் பழக்கம். அந்த ஏரியில் துடுப்புச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை, கரையில் நின்ற கொக்குகள் இரண்டு தடவை எழும்பிப் பறந்தன. சிறிபால பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நோனா, நான் இங்கதான் இருக்கிறன், அக்கரையில இல்ல."

நிறுத்தத் தெரியாத கை

எங்களுக்குப் படிப்பித்தவள் நிலூஷா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். வெள்ளவத்தையில் ஒரு பேக்கரியில் வேலை செய்தபோது தமிழ் பழகியவள். முதல் பாடம் எஸ்பிரசோ. சின்னக் கோப்பை, அதிலும் கால்வாசிதான் விழவேண்டும், அரை நிமிடத்துக்குள் நிறுத்திவிட வேண்டும்.

அந்த நிறுத்தும் பட்டன்தான் எனக்கு எமன். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கால்வாசிக் கோப்பை கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? விரல் பட்டனில்தான் இருக்கும், மனம் விடாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விளிம்பு மட்டும் நிரப்பிவிடுவேன். நிலூஷா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, இது கோப்பி இல்ல, கோப்பி கழுவின தண்ணி."

பால் நுரைக்கும்போதும் அதே கூத்து. ஆவிக் குழாயைப் பாலுக்குள் விட்டு, ஜக்கைக் கையால் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்றவுடன் எடுத்துவிட வேண்டுமாம். கொதிக்காத பாலை ஒருவருக்குக் கொடுப்பதா? அது கீச்சிட்டுக் கத்தும்வரை விட்டேன். மிஞ்சிய கோப்பையைச் சிறிபாலவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் மரியாதைக்கு ஒரு மிடறு குடிப்பார், தலையை ஆட்டுவார், பிறகு வள்ளத்தில் வைத்திருந்த தேத்தண்ணிப் போத்தலைத் திறப்பார். நாலாம் நாள் நிலூஷா என் கோப்பியில் சுட்டுப்போன வாயை ஊதிக்கொண்டு சொன்னாள்: "அக்கா, எல்லாருக்கும் நாக்கு ஒண்டுதான் இருக்கு."

உறிஞ்சும் பாடம்

ஆறாம் நாள் ருசி பார்க்கும் பாடம். கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். சத்தம் பெரிதாக இருந்தால்தான் வாசம் மூக்குக்கு ஏறுமாம். நான் வாயை மூடிக்கொண்டு நாகரிகமாகக் குடித்தேன், நிலூஷா திருப்பித் திருப்பிச் செய்யவைத்தாள். கடைசியில் ஒன்று உறிஞ்சினேன் பாருங்கள், அறையே திரும்பிப் பார்த்தது. உண்மையாகவே அந்தக் கோப்பியில் தோடம்பழ வாசம் வந்தது! சந்தோசத்தில் வீட்டுக்குப் போன் எடுத்து, என் கணவருக்கும் ஒருதரம் உறிஞ்சிக் காட்டினேன். அவர் கேட்டார்: "இருபது வருசமா இதுக்குத்தானே என்னை ஏசினனீ? இப்ப சேர்ட்டிபிக்கட்டும் தருவாங்களோ?"

ஐந்தாவது கோப்பை

பத்தாம் நாள் சோதனை. கொட்டாஞ்சேனையிலிருந்து சோதனைக்காரர் ஒருவர் வந்தார், அளந்து பேசுகிற ஆள். பத்து நிமிடத்தில் நாலு கோப்பி, மணி அடிக்க முதல் மேசையும் துடைத்திருக்க வேண்டும். இரண்டு எஸ்பிரசோவும் சரியாகக் கால்வாசியில் நின்றன. பாலும் கத்தவில்லை. நாலையும் வைத்துவிட்டுத் துணியை எடுத்தேன், இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது.

அப்போதுதான் வாசலில் சிறிபாலவைக் கண்டேன். சோதனைக்காரரை வள்ளத்தில் கூட்டிவந்த மனுஷன், தூறலில் நனைந்துபோய் நின்றார். ஒருவர் குடிக்க மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பதா? துணி என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பால் நுரைத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. மேசை முழுக்கக் கோப்பித் தூள். போச்சு, கல்கிசைக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே கோப்பையைச் சிறிபாலவிடம் நீட்டினேன். அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு முழுவதையும் குடித்தார். தேத்தண்ணிப் போத்தலைத் தேடவில்லை, வெறும் கோப்பையைத்தான் திருப்பி நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோதனைக்காரர் பேனையை மூடிவிட்டுச் சொன்னார்: "அஞ்சாவது கோப்பை என்ட லிஸ்ட்ல இல்ல மிஸிஸ். மேசை துடைக்காததுக்கு மார்க் வெட்டிட்டேன். ஆனா பாஸ். அந்தாளுக்கு இன்னொண்டு போட்டுக் குடுங்க."

முதல் வாடிக்கை

கடைக்குத் திரும்பி வந்து சேர்ட்டிபிக்கட்டைக் கொப்பி எடுத்து, மூலத்தைக் கோப்பி மெஷினுக்கு மேலே மாட்டினேன். முதலாவதாக வந்தவர் கிருலப்பனையில் ரியூஷன் கொடுக்கும் டீச்சர், வினாத்தாள் கொப்பி எடுக்க வருடக் கணக்காக என்னிடம் வருபவர். எஸ்பிரசோ கேட்டார். தேன் மாதிரி இறங்கியது, சரியான நேரத்தில் பட்டனை அமத்தினேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வைத்தேன். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, மிச்சக் கோப்பி எங்க?"

எங்கே நிறுத்துவது என்று ஏரிக்கரையில் படித்துக்கொண்டு வந்துவிட்டேன், ஆனால் கடை என்னவோ நிறுத்தினால் ஏன் என்று கேட்கிற ஊரில்தான் இருக்கிறது.