நான் எழுதிய முப்பத்தொரு அட்டைகள்

1. குழைந்த சோறு

மடத்துக் குசினியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சோற்றைக் குழைய விட்டேன். பதினெட்டுக் கன்னியாஸ்திரிகளுக்கு அரிசி அவிக்கச் சொல்லியிருந்தார்கள். இத்தாலிய அரிசி எங்கள் அரிசி மாதிரி இல்லை என்பது பானையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மடத்தின் தலைவி, மாத்ரே என்று சொல்வோம், ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "நாளைக்குப் பாஸ்தா செய்யுங்கோ" என்றார். அவர்கள் கதைத்தது இத்தாலியன்தான். என் கைக்கு வசதியாக எங்கள் தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன்.

மேசையின் தொங்கலில் இருந்த ஒரு சின்ன உருவம் மட்டும் தட்டை நீட்டி இரண்டாம் தரமும் வாங்கியது. சாப்பிட்டு முடிந்ததும் குசினிக்கே வந்தது.

"மிளகாய் ஏதும் இருக்கோ?"

என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் இருக்கும். கொடுத்தேன். அப்படித்தான் சுவோர் யூலியானா எனக்குப் பழக்கமானார். சுவோர் என்றால் சிஸ்டர். இந்தோனேசியாவில் புளோரஸ் என்ற தீவு அவருடைய ஊர். அந்தத் தீவில் அவர்களுடைய சபைக்கு ஒரு அநாதை இல்லம் இருந்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கு பலேர்மோவில் உடுப்பு, சப்பாத்து, கொப்பி சேர்த்து அனுப்புவது சுவோரின் வேலை. மிளகாய்த்தூள் கொடுத்த பாவத்துக்கு, பொதி கட்டுவது என் வேலையானது.

பலேர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்த அந்த மடத்தில் நான் வேலை செய்த காலம் முழுக்க அந்த வேலையும் கூடவே இருந்தது. இப்போது முழங்கால் விட்டுவிட்டது, குசினியையும் விட்டுவிட்டேன். ஆனால் சனிக்கிழமை பத்து மணியானால் கை தானாக ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடுகிறது.

2. சனிக்கிழமை பத்து மணி

எங்களுக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே பின்னேரம். பிள்ளைகள் குளித்துத் தலை இழுத்து நிற்கும் நேரம். சுவோர் வீடியோவில் எடுப்பார். நான் வெங்காயம் உரித்தபடி பார்ப்பேன்.

மற்றவர்களுக்கு இல்லம் என்றால் வரிசையாக நின்று பாட்டுப் பாடும் படம்தான் தெரியும். எனக்கு அதன் சமையலறை தெரியும். விடிய எழும்பித் தண்ணீர் அள்ளுவார்கள். ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பிள்ளை பொறுப்பு. பல்லு விளக்க வைப்பதிலிருந்து பேன் பார்ப்பதுவரை அந்தப் பெரிய பிள்ளைதான். தங்கள் உடுப்பைத் தாங்களே தோய்ப்பார்கள். பின்னால் பன்றிக்கூடு, அதற்குப் பக்கத்தில் முருங்கை. சோளம் கலந்த சோறும் முருங்கையிலைச் சாறும் கிழமையில் நாலு நாள்.

முருங்கையைக் கண்ட நாள் எனக்கு வெங்காயம் இல்லாமலே கண் கலங்கியது. எங்களிடமும் இது இருக்கிறது, கீரையாக வறை செய்வோம், காயை இறாலோடு சமைப்போம் என்று சுவோரைக் கொண்டு சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் ஒரு சின்னப் பெட்டை இலையோடு முறித்த முருங்கைக் கெட்டு ஒன்றோடு வந்து கமராவை மறைத்துக்கொண்டு நிற்பாள். முன்பல் இரண்டும் இல்லை. பெயர் நோவி. வயது ஏழு.

"இண்டைக்கு என்ன சமையல் எண்டு கேக்கிறாள்" என்பார் சுவோர்.

"பாஸ்தா எண்டு சொல்லுங்கோ."

"பாவம் எண்டு சொல்லுறாள்."

என் சமையலை அவ்வளவு சரியாக விளங்கிக்கொண்டவர் மடத்தில்கூட இல்லை.

3. செத்தவர்கள் கொண்டுவருவது

பலேர்மோவுக்கு வந்த புதிதில் நான் ஒரு வீட்டில் வேலை செய்தேன். நவம்பர் இரண்டாம் தேதி காலை அந்த வீட்டுப் பேரன் ஒரு புதுச் சைக்கிளோடு துள்ளிக்கொண்டு வந்தான். ஆர் தந்தது என்று கேட்டேன். "தாத்தா" என்றான். தாத்தா செத்து மூன்று வருடம். எனக்கு மேலெல்லாம் குளிர்ந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது. இங்கே அது வழக்கம். மரித்தோர் நாளில் செத்துப்போன சொந்தக்காரர் வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும், சீனியில் செய்த பொம்மையும், பாதாமில் செய்த பழங்களும் வைத்துவிட்டுப் போவார்களாம். நாங்கள் செத்தவர்களுக்குப் படைக்கிறவர்கள். இவர்களிடம் செத்தவர்கள் பிள்ளைகளுக்குப் படைக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கும் பிடித்துப் போயிற்று. பயமில்லாமல் செத்தவர்களைக் கதைக்கிற பிள்ளைகள் என்று வியந்திருக்கிறேன்.

ஒரு ஆனி மாதம், சுவோர் யூலியானா உரோமாபுரிக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். பொதி கப்பலில் போவதால் நவம்பருக்கு வேண்டியதை ஆனியிலேயே கட்டவேண்டும். பங்குக் கோவிலில் உதவி சேர்க்கும் சின்யோரா கொஞ்செத்தா வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனம், இடைவிடாமல் கதைப்பார்.

"எங்கட பிள்ளையளுக்கு மட்டும் செத்த ஆக்கள் பரிசு கொண்டுவருகினம். அந்தப் பிள்ளையளுக்குத் தாய் தகப்பனே இல்லை. அதுகளுக்குத்தானே முதல் வரவேணும்?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முப்பத்தொரு பரிசு, முப்பத்தொரு அட்டை. சின்யோரா இத்தாலியனில் ஒரு வசனம் எழுதினார். அதைப் போனில் போட்டு இந்தோனேசிய மொழிக்கு மாற்றினோம். என் கையெழுத்து வடிவு என்று என்னிடம் தந்தார். விளங்காத மொழியில், கோலம் போடுகிற மாதிரி, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினேன். என்னிடம் இருந்த பட்டியலில் பிள்ளையின் பெயர், வயது, சப்பாத்து அளவு மட்டும்தான். யாருக்குத் தாய் இருக்கிறாள், யாருக்கு இல்லை என்று நான் கேட்கவில்லை. அநாதை இல்லம் என்றால் அநாதைகள்தானே என்று நினைத்தேன்.

மற்றவர் அப்படி நினைக்கலாம். நான் நினைத்திருக்கக் கூடாது. என் மகள் மதிக்கு எட்டு வயதில் அவளை யாழ்ப்பாணத்தில் கன்னியர்களின் விடுதி ஒன்றில் விட்டுவிட்டுத்தான் நான் இங்கே வந்தேன். தகப்பன் இல்லாத பிள்ளை. எனக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைத்து அவளைக் கூப்பிட ஆறு வருடம் போயிற்று. அவளோடு படித்த பிள்ளைகள் அந்த விடுதியை அநாதைமடம் என்றுதான் சொல்வார்களாம். நான் உயிரோடு இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

4. அட்டை

நவம்பர் இரண்டாம் தேதி மடத்துச் சாப்பாட்டறையில் பெரிய திரையில் வீடியோ போட்டோம். சின்யோரா கொஞ்செத்தா தலைமயிர் செய்துகொண்டு, தன் தோழிகள் நாலு பேரோடு முன்வரிசையில். நான் ஏப்ரனோடு கதவடியில். சுவோர் யூலியானா திரைக்குப் பக்கத்தில்.

முதல் பொதியை நோவிதான் பிரித்தாள். ஒரு பொம்மை. அதோடு கட்டியிருந்த அட்டையைப் பெரிய பிள்ளை ஒருத்தி வாங்கப் போனாள். நோவி கொடுக்கவில்லை. அந்த வருடம்தான் அவள் வாசிக்கப் பழகியிருந்தாள். பல்லில்லாத வாயால் உரக்க, சொல் சொல்லாக வாசித்தாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கைதட்டினோம். சுவோர் மட்டும் தட்டவில்லை.

"தேவகி, உதை ஆர் எழுதினது?"

"நான்தான் சுவோர்."

"உன்ர இறந்துபோன அம்மா சொர்க்கத்திலையிருந்து அனுப்பினது எண்டு எழுதியிருக்கு."

"ஓம். அப்பிடித்தானே இஞ்சை வழக்கம்."

திரையில் நோவி இல்லத்துப் பொறுப்புச் சிஸ்டரிடம் ஏதோ கேட்டாள். அழவில்லை. சுவோர் எங்களுக்குச் சொன்னார்.

"அம்மான்ர கல்லறை எங்கை எண்டு கேக்கிறாள். மெழுகுதிரி கொளுத்த வேணுமாம்."

சின்யோரா கொஞ்செத்தா கைலேஞ்சியை எடுத்தார். "எவ்வளவு நல்ல பிள்ளை, பாருங்கோ."

"சின்யோரா, அவளின்ர தாய் சாகேல்லை" என்றார் சுவோர்.

பிறகுதான் சுவோர் எல்லாம் சொன்னார். இல்லத்தில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். வறுமை, அல்லது வேலைக்காக மலேசியாவுக்குப் போனவர்கள். நோவியின் தாய் அங்கே வீட்டு வேலை செய்கிறாள். ஞாயிறுதோறும் போன் எடுப்பவள், ஐந்து மாதமாக எடுக்கவில்லை. நம்பரும் வேலை செய்யவில்லை. தாய் தகப்பன் உண்மையில் இல்லாத பிள்ளைகள் அட்டையைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் வந்து பார்க்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நோவிக்குத்தான் அட்டை சொன்னது பொருந்திப் போயிற்று.

5. கிள்ளான்

அடுத்த சனி கமராவுக்கு முன் முருங்கைக் கெட்டு வரவில்லை. பொம்மையை மாதா சுருவத்தடியில் வைத்துவிட்டாளாம். பின்னேரம் பின்னேரம் அதற்கு முன்னால் மெழுகுதிரி. சோறு இரண்டு வாய். அம்மா உயிரோடு இருக்கிறா என்று யார் சொன்னாலும் தலையாட்டுவாளாம், நம்புவதில்லை.

அவளோடு கதைக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். சுவோர் பக்கத்தில் இருந்து மாற்றிச் சொன்னார்.

"நோவி, அந்த அட்டையை எழுதினது நான். சமையல்காரி. சொர்க்கத்திலையிருந்து ஒண்டும் வரேல்லை. எனக்கு உன்ர அம்மாவைத் தெரியாது. தெரியாமல் பிழையா எழுதிப்போட்டன்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"தெரியாது எண்டால், அம்மா உயிரோட இருக்கிறா எண்டு மட்டும் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இத்தனை வருட வேலையில் மாத்ரே, சின்யோரா, பெர்மெஸ்ஸோ கொடுக்கும் குவெஸ்தூரா அதிகாரி என்று எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வாய்க்கு வாய் பதில் சொன்னவள் நான். அன்றைக்குப் போனைச் சுவோரின் கையில் கொடுத்தேன்.

தாயைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தாயிடமிருந்து ஏதாவது கடிதம் இருக்கிறதா என்று இல்லத்தில் தேடச் சொன்னோம். நோவியின் பாய்க்குக் கீழ் ஒரு கிழிந்த அட்டைப் பெட்டித் துண்டு இருந்தது. தாய் ஒருமுறை உடுப்பு அனுப்பிய பெட்டி. அனுப்பியவர் விலாசம் இருந்த பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறாள். படம் எடுத்து அனுப்பினார்கள். சுவோர் அதை வாசித்துக் காட்டினார். கடைசி வரியில் ஊர்ப் பெயர், மலேசியாவின் கிள்ளான்.

"சுவோர், கிள்ளானிலை என்ர மச்சாள் இருக்கிறாள்" என்றேன்.

சுவோர் என்னை நம்பாமல் பார்த்தார். எங்கள் ஆட்கள் இல்லாத ஊர் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. என் மச்சாள் சரோ கலியாணம் முடித்துக் கிள்ளானுக்குப் போய் முப்பது வருடம். உடனே எடுத்தேன்.

"எடியே, ஆறு மாசத்துக்குப் பிறகு எடுக்கிறாய், சுகமோ எண்டுகூடக் கேக்காமல் விலாசம் சொல்லுறாய்" என்றாள். ஆனாலும் அடுத்த நாளே போனாள்.

அந்த வீடு பூட்டிக் கிடந்தது. சரோ திரும்பி வருகிற ஆள் இல்லை. பக்கத்து வீடுகளில் விசாரித்தாள். அந்தக் குடும்பம் வேறு குடியிருப்புக்கு மாறிப்போனது தெரிந்தது. மூன்றாம் நாள் அந்தப் புது வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது நோவியின் தாய்.

போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து எல்லா நம்பரும் போய்விட்டதாம். ஊருக்குப் போன ஒருத்தியிடம் இல்லத்துக்குச் சொல்லச் சொல்லி அனுப்பினாளாம். அவள் சொல்லவில்லை. இவ்வளவுதான் கதை. இதற்காக ஒரு பிள்ளை தாய்க்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

6. கால்

சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று ஊரையும் ஒரே வீடியோவில் இணைத்தோம். சரோவின் போனில் தாய், ஒரு குசினிக்குள் நின்றாள். தாய் மகளின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள். நோவி அசையவில்லை. முகத்தைப் பார்த்தாள், குரலைக் கேட்டாள். பிறகு ஒன்று சொன்னாள். தாய் அழுகையை நிறுத்திவிட்டாள். சுவோரும் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறாள் சுவோர்?"

"காலைக் காட்டட்டாம்."

சுவோர் விளங்கப்படுத்தத் தொடங்கினார், எங்கட ஊரிலை ஆவிக்குக் கால் நிலத்திலை படாது எண்டு ஒரு பேச்சு என்று. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பேயும் அப்படித்தான்.

சரோ போனை வாங்கிக் கீழே திருப்பினாள். ஈரமான சீமெந்து நிலம். நீலச் செருப்பு. செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்தி வைத்தாள் தாய். பிறகு ஒரு காலைத் தூக்கித் தூக்கி நிலத்தில் அடித்துக் காட்டினாள். சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் நோவி அழுதாள். அன்று அவள் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள் என்று பொறுப்புச் சிஸ்டர் செய்தி அனுப்பினார்.

அதற்குப் பிறகு பொதி கட்டும் முறையை மாற்றினேன். பட்டியலில் தாய் தகப்பன் விபரம் இல்லாமல் ஒரு பொதியும் என் கையால் போகாது. அட்டையில் அனுப்புபவரின் பெயர் மட்டும்தான், அதுவும் உயிரோடு இருப்பவரின் பெயர். சின்யோரா கொஞ்செத்தாவும் தன் பெயரை எழுதப் பழகிக்கொண்டார். அடுத்த பொதிக்கு நன்றி சொல்லி நோவி எனக்கு ஒரு படம் வரைந்து அனுப்பினாள். கையில் அகப்பையோடு நான். உடம்பு சிறிசு, இரண்டு கால் மட்டும் தோணி அளவு.

அதை வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினேன். மதி வந்தபோது ஏன் இவ்வளவு பெரிய கால் என்று சிரித்தாள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், இங்கேதான் வேலை. கதை முழுவதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒருக்கா ரெண்டு மாசம் நீங்கள் போன் எடுக்கேல்லை, ஞாபகமிருக்கோ?"

ஞாபகமிருந்தது. வேலை போன மாதங்கள். வேலை இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எடுக்காமல் விட்டேன்.

"நீங்கள் செத்துப் போனியள் எண்டுதான் நினைச்சன். பிறகு எடுத்தனீங்கள். குரலை ஆரும் போடலாம் எண்டு நினைச்சன். கேக்கப் பயத்திலை கேக்கேல்லை."

"எப்ப நம்பினனீ?"

"எயர்போட்டிலை. நீங்கள் ஓடி வாறதைப் பாத்து."

பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு இங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போன் எடுங்கள். வீடியோவில் கதைக்கும்போது கதிரையிலேயே இருக்காதீர்கள். ஒருதரம் எழும்பி நின்று, போனைக் கீழே திருப்பிக் காலைக் காட்டுங்கள். பிள்ளை தானாகக் கேட்காது.