அவருக்கு யார் குரல் கொடுத்தது?

எனக்கு ஒரு நடிகரைப் பிடித்துவிட்டால் அரைகுறையாகப் பிடிக்காது. நான் சொல்லப்போகிறவர் நாடக மேடையில் வளர்ந்து சினிமாவுக்குப் போன சிரிப்பு நடிகர். எனக்குக் கல்யாணமான புதிதில் தன் குழுவோடு கப்பலேறி அந்தமானுக்கு, எங்கள் போர்ட் பிளேருக்கு வந்து நாடகம் போட்டார். கப்பல் ஆட்டம் இன்னும் அவர் காலை விடவில்லை. மேடைக்கு வந்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, உங்க ஊரை இன்னும் கயிறு போட்டுக் கட்டலையா?" என்று அந்தக் கரகரத்த தொண்டையில் கேட்டார். நாங்களும் கப்பலில் வாந்தியெடுத்து வந்து சேர்ந்தவர்கள்தானே. நானும் என் வீட்டுக்காரரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் கழித்து, மகன் டிக்லிப்பூரில் ஒரு வங்காளிப் பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டான். கல்யாணமான சூட்டோடு அவனைக் கார் நிக்கோபார் தீவுக்கு வேலை மாற்றிவிட்டார்கள். அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் மாயாபந்தர் வீட்டில் நானும் மருமகளும்தான். அவளுக்குத் தமிழ் வராது. என் ஹிந்தி மீன் வாங்கப் போதும், மனசுவிட்டுப் பேசப் போதாது. "சாப்பிட்டாயா?", "கேஸ் தீர்ந்துவிட்டது." எங்கள் பேச்சு அதோடு சரி.

ஒரு நாள் டிவியில் நம்ம நடிகரின் தமிழ்ப் படம். அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பார்த்ததுமே, "அரே, இவரா! சின்ன வயசிலிருந்து எனக்கு இவர்னா உயிர், மா" என்றாள் ஹிந்தியில். இங்கே மற்றவர்கள் வீட்டில் தமிழ்ப் படங்கள் ஹிந்தி டப்பிங்கில்தானே ஓடுகின்றன. எனக்கு அப்படியே உருகிவிட்டது. கொஞ்ச நேரம் போயிருக்கும், முகத்தைச் சுளித்தாள்.

"இவருக்கு யார் குரல் கொடுத்தது? கொஞ்சம்கூடப் பொருந்தலையே."

அவருடைய சொந்தக் குரலைச் சொல்கிறாள்! எனக்கு வந்ததே ஒரு கோபம். "அதுதான்டி அவர் குரல். நீ கேட்டு வளர்ந்தது எவனோ கொடுத்தது" என்று பாதித் தமிழிலும் பாதி ஹிந்தியிலும் கத்தினேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. போனில் ஒரு காட்சியை எடுத்து நீட்டி, "இதுதான் அவர்" என்றாள். சர்க்கரைப் பாகு மாதிரி வழவழவென்று ஒரு குரல். நான் எழுந்து டிவியை அணைத்துவிட்டேன்.

அன்றைக்குத் தூக்கிவைத்த முகத்தை இரண்டு பேருமே இறக்கவில்லை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை அம்மா வீட்டில் இருந்துகொள்கிறேன், சனிக்கிழமை பஸ்ஸில் போகிறேன் என்றாள். சரி என்றேன். வாய்தான் சரி என்றது. அங்கே போனால் அப்படியே புருஷனிடம் போய்விடுவாள், இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் இருக்காது. போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன், கொழுப்பு விட்டால்தானே.

சனிக்கிழமை காலையில் டிவியைப் போட்டால், அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பையோடு வந்த மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய பழைய காட்சிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அமுக்கினாள். செத்த பிறகுமா இவளுக்கு அவர் குரல் ஆகவில்லை என்று நான் பாயப் போனேன். அதற்குள் அவள் அவருடைய வசனத்தை ஹிந்தியில், அந்த வழவழத்த குரலில், அவர் வாயசைப்புக்குத் தப்பாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

எனக்கு மட்டும் வராதா? அடுத்த வசனத்தை நான் கரகரவென்று தமிழில் எடுத்துவிட்டேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. அழுகையும் சிரிப்புமாக இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கடைசியில் அவளே சத்தத்தைக் கூட்டி, அவர் குரலைக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"கேக்கக் கேக்க நல்லாத்தான் இருக்கு, மா."

"உன் ஆளும் ஒண்ணும் மோசமில்லை" என்றேன்.

அப்போது அவள் அம்மா போன் செய்தார், பஸ் ஏறிவிட்டாளா என்று கேட்க. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் வங்காள பாஷையில் சொன்னது எனக்கே புரிந்தது.

"நான் வரலை. எங்க வீட்டுல ஒரு சாவு."

அந்தப் பக்கம் ஒரே ஓலம். இந்த வீட்டில் சாவதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? மருமகள் திருதிருவென்று விழித்தாள். போனைப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்:

"நான் நல்லாத்தான் இருக்கேன், சம்பந்தியம்மா. போனது எங்க ரெண்டு பேருக்கும் வேண்டியவர். காரியம் முடியாம என் மருமகளை எங்கேயும் அனுப்புறதா இல்லை."