என்னைப் பார்க்க வந்த பெரியம்மா

நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரின் மேலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டபோது எனக்கு ஒன்பது வயது. பெரியாஸ்பத்திரியில் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, எலும்பு கூடும்வரை அசையவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் வாரம் உத்திரமேரூரே சாத்துக்குடியோடு திரண்டு வந்தது. அப்புறம் ஆள் வரத்து குறைந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு யாராவது வந்தால் எனக்கு வயிறு எரியும். அம்மா கூடவேதான் இருந்தாள். ஆனால் கூடவே இருப்பவளைப் பார்க்க வந்தவர்கள் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

என் அழுகை பொறுக்காமல் சித்தப்பா ஒரு காரியத்தில் இறங்கினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவர் அவர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் எந்த வீட்டில் சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. பைக்கை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

“வார்டுல பசங்க மாசக்கணக்கா பட்த்துக்கினு பேஜாராயிடுதுங்க. பீரோ மேல தூங்கற பொட்டியக் குடுங்களேன்” என்று கேட்பாராம்.

கிடைத்தவற்றில் பாதி, ஒயரைச் செருகினால்தான் கண் விழிக்கும். ஒன்றில் ஆயுத பூஜைச் சந்தனம் எழுத்துக்களின் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருந்தது. வார்டில் வேலை செய்த ஒரே பிளக்குக்கு நாங்கள் படுத்தபடியே சண்டை போட்டோம்.

என் பங்குக்கு வந்தது மாகறல் கிராமத்து வீடு ஒன்றின் லேப்டாப். அதைக் கொடுத்தவரைப் புகழ்ந்து சித்தப்பாவுக்கு வாய் வலிக்கவில்லை. “நான் கேட்டு வாய மூடல, உள்ள போயி எட்த்தாந்து கைல குட்த்துட்டாரு. சால்வ போத்தறேன்னேன், வேணவே வேணான்னுட்டாரு. மனுசன்னா அவருதான்!”

அந்தப் பெட்டிக்குள் ஓர் அக்கா இருந்தாள். அதிலிருக்கும் கேமராவில் தன்னைத்தானே படம் பிடித்து வைத்திருந்தாள். நாக்கைத் துருத்துவாள், பாட்டுக்கு ஆடுவாள், டீச்சர் மாதிரி பேசிக் காட்டுவாள். நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தும்: “ஏய், இன்னாடி பண்ணிக்கினு கீற? மாட்டுக்குத் தண்ணி காட்னியா இல்லியா?” அக்கா உதட்டைச் சுழித்துவிட்டு ஓடிப்போவாள். ஒவ்வொரு முறையும் வார்டே சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத அம்மாள் ஒருவர் கடலை உருண்டைப் பொட்டலத்தோடு என் கட்டிலருகே வந்து நின்றார். “அது எங்க வூட்டுப் பொட்டி, கண்ணு. உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. “மாட்டுக்குத் தண்ணி!” என்று கத்தினேன். அவர் முதலில் திகைத்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அக்கா எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். நான் பெரியம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். “கால் எப்டி கீது?” என்பார். நான் விலாவாரியாகச் சொல்லி முடிப்பதற்குள், “அவ ஆடறத ஒருவாட்டி போடேன்” என்பார். அம்மா தன் ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போய்விடுவாள். எனக்கு மட்டுமே என்று ஒருவர் வருகிறார்! பக்கத்துக் கட்டில் பையனிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவனை ஒருவழி பண்ணிவிட்டேன்.

முழுப் பரீட்சை நெருங்கியது. பெரியம்மா உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிறன்று சித்தப்பா பென் டிரைவோடு வந்தார். “தேவயில்லாதத எல்லாம் அழிச்சிட்டு பாடம் ஏத்தித் தரேன், குடு.”

பெரியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான்தான் லேப்டாப்பை மார்போடு கட்டிக்கொண்டு அலறினேன். “அழிக்காத சித்தப்பா! அக்கா போயிட்டா, பெரிம்மா என்னப் பாக்க வரமாட்டாங்க!”

“வுடு தம்பி, பாடம் எங்க போவுது?” என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்த கண்டிப்பு சித்தப்பாவுக்கே புதிது. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அந்த அக்கா தனக்குப் பிடித்தவனோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருக்கிறாள். அவளுடைய அப்பா வீட்டிலிருந்த போட்டோக்களை எல்லாம் அடுப்பில் போட்டிருக்கிறார். அடுப்பில் போட முடியாததைத்தான் சித்தப்பாவுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். பெரியம்மா அவருக்குத் தெரியாமல் பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தார். வந்த பாசத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்திருக்கும் என்றே நான் இன்னும் நம்புகிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்தப்பா வார்டைத் தாண்டியதும் பெரியம்மா குனிந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாறி மாறி முத்தம் கொடுத்தார். மல்லாந்து கிடந்த என் காதுக்குள் அவருடைய கண்ணீர் இறங்கியது. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பக்கத்துக் கட்டில் பையன் பார்க்கிறானா என்று ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டே, “அழுவாதீங்க பெரிம்மா, எனக்கு சீக்கிரம் சரியாயிடும்” என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.