மச்சான் தூக்கிய கை

டிவி நிகழ்ச்சி எடுக்கும் எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் மச்சான்தான். தொகுப்பாளருடைய மனைவியின் தம்பி. தொகுப்பாளர் அப்படிக் கூப்பிட்டார், நாங்களும் பிடித்துக்கொண்டோம். மச்சானுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பார். நான் பிடிக்கிற கேமராவுக்குக் குறுக்கே அவர் நடந்தால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனி பிறந்தது மச்சானுடைய அக்காவின் சாப்பாட்டு மேசையில். நகைச்சுவையெல்லாம் அக்கா எழுதுவார், புருஷன் பேசிப் பார்ப்பார், தம்பி இரவல் கேமராவில் பிடிப்பார். இரண்டு சேனல்கள் விரட்டின. மூன்றாவது சேனல், யாரும் பார்க்காத நேரம்தானே என்று இரவு பதினொரு மணியைக் கொடுத்தது. ஜனங்கள் விழித்திருந்து பார்த்தார்கள். அப்புறம் சமையல் நிகழ்ச்சி, வினாடி வினா, கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் என்று கம்பெனி வளர்ந்தது.

பெயர்தான் இரவு நிகழ்ச்சி, பிடிப்பது மத்தியானத்தில். பட்டப்பகலில் கோட்டு மாட்டி "நல்லாத் தூங்குங்க" என்று சொல்ல ஒரு முகம் வேண்டும். அது தொகுப்பாளருக்கு இருந்தது. பேச வேண்டியதை எழுதிய அட்டைகளைக் கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிப்பதும், கையைத் தூக்கிச் சைகை காட்டி, பார்க்க வந்த ஜனங்களைக் கைதட்ட வைப்பதும் மச்சானின் வேலை.

போன வருஷம் அக்கா புருஷனையும் கம்பெனியையும் விட்டுப் போனார். மச்சான் போகவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அக்கா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "நீ உன் வேலையப் பாரு. என்னை வச்சு மட்டும் அங்க யாரும் சிரிக்கக் கூடாது."

ஒருநாள் வந்த அட்டைகளில் ஒன்றைப் படித்ததும் மச்சான் ஒப்பனை அறைக்கு ஓடினார்.

"மாமா, இது வேண்டாம்."

"வெறும் ஜோக்குதான மச்சான். உனக்கும் எனக்கும் நடுவுல என்ன?"

படப்பிடிப்பு தொடங்கியதும் மச்சான் அட்டையைப் பிடித்தார். தொகுப்பாளர் படித்தார்: "நான் பேசுறதெல்லாம் அவ எழுதினதுன்னு சொல்லிட்டுப் போறா என் பொண்டாட்டி. மளிகைச் சீட்டு எழுதினவளுக்கு அப்படித்தான் தோணும்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மச்சானின் கை பழக்கத்தில் மேலே போய்விட்டது. கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கு மச்சானை அறைய வேண்டும்போல் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்புறம் மச்சான் எடிட்டரிடம் போய் அந்த ஜோக்கை வெட்டச் சொல்லிக் கெஞ்சினார்.

"இவ்வளவு கைதட்டு விழுந்திருக்கு. எப்படி வெட்டுறது மச்சான்?"

சாயங்காலம் என் வண்டியில் அக்கா வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவர் பின்னால் நெளிந்துகொண்டே வந்ததில் இரண்டு தடவை விழப் பார்த்தோம். வாசலில் நின்றபடியே அந்த ஜோக்கை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

"சிரிச்சாங்களா?" என்றார் அக்கா.

"சிரிச்சாங்கக்கா."

"தட்டினாங்களா?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அது யார் செய்கிற வேலை என்று அக்காவுக்குத் தெரியாதா.

"நல்லாத்தான் தட்டியிருப்பாங்க," என்றார் அக்கா. "எப்பக் கையத் தூக்கணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானடா."