யோங் பெங் ஊர்வலத்தில் இரண்டு பெண்பிள்ளைகள்

லோஷினி கைப்பேசியை நீட்டியபோது அவளுடைய அம்மா தனலெட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். லோஷினிக்குச் சிங்கப்பூரில் வேலை. வார நாட்களில் ஜொகூர் பாருவில் தங்கி, ஞாயிறன்று ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வருவாள்.

"அம்மா, உங்க பேரு பேஸ்புக்ல வந்திருக்கு. யோங் பெங் மண்டபத்துல பழைய படங்களை வச்சிருக்காங்களாம். அறுபத்தெட்டுல எடுத்த மெர்டேக்கா ஊர்வலம், சுதந்திர தினத்துக்கு. கொடி புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க பாருங்க!"

கறுப்பு வெள்ளைப் படம். தென்னை ஓலை கட்டிய தோட்டத்து லாரி, அதற்கு முன்னால் வரிசையாகப் பிள்ளைகள். ஓரத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். கீழே எழுதியிருந்தது: 'தனலெட்சுமி, வயது 7. தங்கை கஸ்தூரி, வயது 5.'

"உங்களுக்குத் தங்கச்சி இருந்தாங்களா? சொன்னதே இல்லையே?"

"இருந்தா. அந்த வருஷமே காய்ச்சல்ல செத்துப் போயிட்டா."

"ஆனா அந்தச் சின்னப் பிள்ளைதான்மா அச்சு அசலா உங்கள மாதிரி இருக்கு. அதே காது."

"கூடப் பொறந்தவங்கன்னா அப்படித்தான் இருக்கும். போனை எடு, தண்ணி தெறிக்குது."

செத்துப்போனவள் அக்கா. அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்தான் கஸ்தூரி. இனி நாமும் அவரைக் கஸ்தூரி என்றே சொல்வோம். ஐம்பது வருடத்துக்கு மேலாக அவரை அப்படிச் சொன்னவர் யாருமில்லை.

யோங் பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் அவர் பிறந்தார். அப்பா மணியம் பிறப்பைப் பதியவில்லை. நாளைக்குப் போகலாம், மழை விடட்டும் என்று நாளைக் கடத்தியே வருடங்கள் போய்விட்டன. ஊர்வலம் நடந்த வருடக் கடைசியில் மூத்தவள் காய்ச்சலில் போனாள். அடுத்த மாதமே குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறியது. அங்கே பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சூரா, அதாவது பிறப்புச் சான்றிதழ், கேட்டார்கள். வீட்டில் இருந்தது மூத்தவளுடைய சூரா மட்டும்தான்.

அம்மா காளியம்மா அவரை மடியில் இழுத்து உட்காரவைத்துச் சொன்னார்: "இனிமே ஒம்பேரு தனலெட்சுமி. யாராச்சும் கஸ்தூரின்னு கூப்புட்டாத் திரும்பாத. திரும்புனா போலீஸு அப்பாவப் புடிச்சிட்டுப் போயிரும்."

அந்த ஆறு வயதிலிருந்து அவர் திரும்பவே இல்லை. அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, பூச்சாடித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருட வேலை, லோஷினியின் பிறப்புச் சூரா எல்லாம் அந்தப் பெயரின்மேல்தான் நின்றன. சாலைச் சோதனையில் பேருந்து நின்றால், யாரும் கேட்கும் முன்பே அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். கணவர் மனோகரன் சாகும்வரை, இவளுக்குப் பயந்த சுபாவம் என்றே நினைத்திருந்தார்.

அன்று லோஷினி கிளம்பிப் போனபிறகு கஸ்தூரியால் உட்காரவே முடியவில்லை. யார் எழுதியது? தங்கையின் பெயர் வரை தெரிந்தவனுக்கு அக்கா செத்தது தெரியாமலா இருக்கும்? நாளைக்கே யாராவது அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பதிவு ஆபீஸில் போய்க் கேட்டால்? மகளைச் சிங்கப்பூர் போகும் பாலத்திலேயே நிறுத்தி, உன் அம்மா யார் என்று கேட்டால்? தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படியின் பின்கதவுப் பக்கம் போய் நின்றார்.

மறுநாள் காலை பேருந்து ஏறி யோங் பெங் போனார். மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடப்போகிற ஸ்டூடியோ ஒன்று கொடுத்த படங்களாம். பேண்டு வாத்தியக்காரர்கள், சிங்க நடனம், டிராகன் போல ஜோடித்த மாட்டுவண்டி. அவர் எதையும் பார்க்கவில்லை. நேரே அந்தப் படத்திடம் போனார். பெயர்கள் தனிக் காகிதத்தில் ஒட்டியிருந்தன. சுற்றும் பார்த்துவிட்டு நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினார்.

"அம்மா, அதைத் தொடாதேங்கோ."

கை அப்படியே நின்றது. பின்னால் மெலிந்த முதியவர் ஒருவர், கைத்தடியோடு. கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"கஸ்தூரியோ?"

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தார். "நான் தனலெட்சுமி. ஐசியில அப்படித்தான் இருக்கு" என்று பையைத் திறந்து அடையாள அட்டையை எடுக்கப் போனார். அவசரத்தில் சாவியும் கைக்குட்டையும் தரையில் விழுந்தன.

"வேண்டாம் பிள்ளை. காட்டவேண்டாம்." முதியவர் குரலைத் தாழ்த்தினார். "நான் வைத்தியலிங்கம். உங்கட தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதினவன். அண்டைக்கு ஊர்வலத்துக்கு உங்களை எல்லாம் லாரியில ஏத்திக்கொண்டு வந்ததே நான்தான்."

இருவரும் ஓரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அக்கா இறந்த செய்தியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்பவேண்டியது வைத்தியலிங்கத்தின் பொறுப்பு. வெள்ளத்தில் பாதை போய்விட்டதால் அன்று எழுதவில்லை. பிறகு காளியம்மா வந்து மூத்தவள் பெயரில் பள்ளிக்கு ஒரு கடிதம் கேட்டபோது, எதற்கு என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்.

"எண்பத்தாறு வயசாகுது எனக்கு. இப்பவும் வாசல்ல போலீஸ் காரைக் கண்டால் உள்ளுக்குப் போயிடுவன்."

"அப்புறம் ஏன்யா பேரை எழுதுனீங்க? எம்பிள்ளை தினமும் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போறா!" கஸ்தூரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நீங்கள் எல்லாம் எங்கேயோ போயிட்டீங்கள் எண்டு நினைச்சன். செத்த பிள்ளைக்கு ஒரு கல்லுக்கூட இல்லை. பேராவது ஒரு இடத்தில இருக்கட்டும் எண்டு எழுதினன். யோசிக்கேல்லை. பிழைதான்."

அவரே எழுந்துபோய் அந்தக் காகிதத்தை உரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேஸ்புக்கிலும் எடுக்கச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாளில் எடுத்தும்விட்டார்கள். ஆனால் அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ?

அடுத்த ஞாயிறு கஸ்தூரி மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். லோஷினி கைப்பையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்.

"இது செல்லுமாம்மா?"

"தெரியலடி."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. லாயரைக் கேட்டுப் பாக்கலாம்." பாஸ்போர்ட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, "இப்ப வேணாம். தீபாவளி போகட்டும்" என்றாள். அவள் குரலில் காளியம்மாவின் குரல் கேட்டதுபோல் இருந்தது கஸ்தூரிக்கு. தன்னோடு போகவேண்டிய பயத்தை மகளுக்கும் கொடுத்துவிட்டோமே என்று வருந்தினார்.

வழக்கறிஞரிடம் இன்னும் போகவில்லை. யாரும் தேடியும் வரவில்லை.

கண்காட்சியின் கடைசி நாளன்று, மகளிடம் சொல்லாமல் கஸ்தூரி மறுபடியும் யோங் பெங் போனார். அக்காவின் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அம்மா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். அதனால் இந்த முறை நின்று பார்த்தார். அக்கா ஒரு கையில் கொடியும் மறுகையில் தங்கையுமாக வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். பாவாடை அவளுக்கு நீளம்.

பக்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி, அத்தை என்பதுபோல் 'மாச்சிக்' என்று அவரை அழைத்து, மற்றப் படங்களில் எல்லாம் பெயர் இருக்கிறதே, இந்தப் பெரிய பிள்ளை யார், தெரியுமா என்று கேட்டாள்.

கஸ்தூரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"என் அக்கா" என்றார் மலாயில். "பேரு தனலெட்சுமி."