துரைசானி தங்கிய வீடு

எங்கள் லயத்து வீடு ஒரு வாரம் முழுக்க ரோஜாப்பூச் சோப்பு மணத்தது. புளித்த ரப்பர் பாலும் விறகுப் புகையும் சேர்ந்து நாறுகிற, தோட்டக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் ஒரே ஓர் அறையிலிருந்து அப்படி ஒரு மணம் கிளம்பினால் சும்மா இருப்பார்களா? பிள்ளைகளெல்லாம் எங்கள் வாசலில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு நானும் வெளியேதான் நின்றேன். வீடு எங்களுடையது, ஆனால் நாங்கள் அதில் இல்லை.

ஜொகூரில், பாலோவிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் வருகிற தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரைகளின் காலம். பெரிய துரையின் உறவுக்காரி ஒருத்தி சீமையிலிருந்து வந்திருந்தாள். அவளை ‘துரைசானி' என்றுதான் சொல்வோம். மற்ற வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடிப் போய், அங்கே உள்ளவர்களைப் போலவே உண்டு உறங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசையாம். மலாய்க்காரர்களின் கிராமமான கம்பம் ஒன்றில் தங்கியாயிற்று. அடுத்தது எங்கள் லயம்.

“அஞ்சலை, ஒன் வீடுதான் துப்புரவா இருக்கு. ஒரு வாரந்தான். புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் பக்கத்து வீட்டுல இருந்துக்க” என்றார் கங்காணி. துப்புரவாக வைத்திருந்ததற்கு அம்மாவுக்குக் கிடைத்த மரியாதை அது.

அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா, நான், பால்குடி மாறாத தம்பி, இவ்வளவுதான் குடும்பம். பால்குடிப் பிள்ளைக்காரி என்று இரக்கப்பட்டு லயத்தை ஒட்டிய ‘நிறை'யை, அதாவது மரவரிசையை, அம்மாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பாலுக்காக மரம் வெட்டுகிற நடுவில், கைப்பிள்ளைகளை விட்டுவைக்கும் ‘ஆயாக் கொட்டகை'க்கு ஓடிவந்து தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். அந்த நிறை கையில் இருக்கும்வரை தம்பிக்கு வயிறு நிறையும். தூரத்து நிறைக்குப் போன பெண்களின் பிள்ளைகள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எப்படிக் கிடந்தன என்பதை லயமே பார்த்திருந்தது.

துரைசானியைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பாயில்தான் படுத்தாள், பங்களாவிலிருந்து வந்த மெத்தையை மேலே விரித்துக்கொண்டு. எங்கள் ரசச் சோற்றைத்தான் தின்றாள், பங்களாச் சமையல்காரன் காய்ச்சிக் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு. கொசுவலைக்குள் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம், வேறென்ன செய்வது!

காலையில் பேர் கூப்பிடுகிற ‘பெரட்டு'க்கு எங்களோடு வந்து நின்றவள், ஒருநாள் அம்மாவின் பால்வெட்டுக் கத்திக்குக் கை நீட்டினாள். தன் கைக்குப் பழகிய கத்தியை எந்த மரம்வெட்டியும் இன்னொருவரிடம் கொடுக்க மாட்டாள். அம்மா தயங்கினாள். பிறகு, “நம்ம வீட்டுல தங்குனவங்க கேக்குறாங்க, எப்படி இல்லைங்கிறது?” என்று கொடுத்துவிட்டாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அதுதான் நடந்தது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டிய கத்தி உள்கட்டை வரை இறங்கியது. பால் பொங்கி வழியவும் துரைசானி குழந்தை மாதிரிக் கைதட்டினாள். அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று போய்க்கொண்டே இருந்தாள். அவள் முன்னால் போகப் போக அம்மா பின்னாலேயே போய், ஈரமண்ணைக் குழைத்து ஒவ்வொரு காயத்திலும் அப்பி மறைத்தாள்.

அந்த மண்தான் வினையாயிற்று. மரம் பார்க்க வந்த, பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்ன துரை தடிமுனையால் அதைச் சுரண்டினார். வெள்ளைக் கட்டை பல்லிளித்தது. தெரியாமல் பட்ட காயமென்றால் வசவோடு விட்டிருப்பார், மறைத்தது திருட்டுத்தனம் என்று குதித்தார். கங்காணிக்கு உண்மை தெரியும். அவர் வானத்தைப் பார்த்தார். துரைசானி பக்கத்திலேயேதான் நின்றாள். சின்ன துரை அவள் பாஷையில் அவளிடமும் ஏதோ சொன்னார். அவள் மரத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். கட்டிய கயிறு கட்டியபடிதான் இருந்தது, நான் பார்த்தேன்.

“சொல்லும்மா, அவங்க வெட்டுனதுன்னு சொல்லு” என்று அம்மாவின் சேலையை இழுத்தேன்.

“சும்மா இரு. சோறு போட்டவங்களையே காட்டிக் குடுக்கக் கூடாதுன்னா, நம்ம சோத்தத் தின்னவங்கள காட்டிக் குடுக்கலாமா?” என்றாள். இந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாளே அம்மாவைச் சதுப்புக்காட்டுப் பக்கம் புல்வெட்டப் போட்டார்கள். துரைசானி எல்லோருக்கும் கையசைத்துவிட்டுக் காரேறினாள். இருட்டில் போய் இருட்டில் வந்த அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்செல்லாம் நெறிகட்டியது. கொட்டகையில் தம்பி கஞ்சித் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல் வாடினான். அந்த மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை.

இப்போது அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. கண்ணுக்கெட்டியவரை எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. தம்பியைப் புதைத்த மூலை எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் என் மகள் போன வாரம் குதூகலமாக வந்தாள். “அம்மா, ஊர் ஊராப் பாத்தாச்சு லா. இந்த லீவுக்கு யாரும் போகாத எடமாப் போயி, ஒரு கம்பத்து வீட்டுல அவங்கள மாதிரியே ரெண்டு நாளு இருந்துட்டு வரலாம். வீட்டையே நமக்கு விட்டுக் குடுத்துடுறாங்களாம்!”

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “அந்த ரெண்டு நாளும் அந்த வீட்டுக்காரி தன் புள்ளைய வெச்சிக்கிட்டு எங்கடி இருப்பா?”