ஃபோர்க் ஆயிலும் பால் பாட்டிலும்

எங்கள் பைக்கின் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் ஒழுகியது. ஒரு ஞாயிறன்று பெருங்களத்தூர் வீட்டு வாசலிலேயே என் கணவர் புது சீல் மாற்றினார். மாலையில் குழந்தை பசித்து அழவே, பால் பாட்டிலில் பாலை ஊற்றினேன். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. பாட்டிலோடு அவரிடம் ஓடினேன்.

"என்னங்க, இதுல என்ன ஊத்தினீங்க?"

"ஃபோர்க் ஆயில். ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஊத்தணும்மா. இதுலதான் மில்லி கோடு போட்டிருக்கு. சோப்பு போட்டுக் கழுவித்தானே வெச்சேன்?" என்றவர், பாலைப் பார்த்ததும் முகம் வெளுத்து, குழந்தையை வாரி அணைத்துக்கொண்டார். அதற்குமேல் அவரை எப்படித் திட்டுவது?

இப்போதெல்லாம் முகர்ந்து பார்க்காமல் பாட்டிலில் பால் ஊற்றுவதில்லை. குழந்தைக்குப் புது பாட்டில் வாங்கிவிட்டோம். பழையது அவருடைய ஸ்பானர் பெட்டியில் இருக்கிறது. அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் 'அப்பாவுக்கு' என்று எழுதியிருக்கிறேன்.